விசாரித்துத்தான் எழுதினீர்களா?

நிருபர் வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம். ரேஷன் அரிசி கடத்தியதாக மளிகைக் கடைக்காரர் ஒருவர் கைது என்று காவல் நிலையத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். எட்டு வரிச் செய்தியாக எழுதிக் கொடுத்தேன். பெயர் சரி, ஊர் சரி, தெருவும் சரி. ஆள்தான் வேறு. அந்தக் கடைத்தெருவில் அதே பெயரில் இரண்டு பேர் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். கைதானவரின் இனிஷியலை நான் கேட்டு வாங்கவில்லை.

மூன்றாம் நாள் மற்றவர் அலுவலகத்துக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த செய்தித்தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். என் செய்தியைச் சுற்றி பால்பாயிண்ட் பேனாவால் கட்டம் போட்டிருந்தது. "நாளைக்கே மறுப்பு போட்டுடுறோம்ண்ணே" என்றேன். "போடுங்க தம்பி. ஆனா இதைப் படிச்சவன் எல்லாம் அதையும் படிப்பானா?" என்று கேட்டார். அவர் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் முந்தின நாள் போன் செய்து, தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் வழக்குப் போடவில்லை. வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதே வருடம் சாக்கடை ஒப்பந்த முறைகேட்டை ஆவணங்களோடு எழுதிய என் நண்பருக்கு, செய்தி வந்த வாரமே ஒரு கோடி ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவர் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனாலும் ஆசிரியர் அடுத்த பகுதியை நிறுத்திவைத்தார். அந்தத் தொடர் அப்புறம் வெளிவரவே இல்லை.

அவதூறுச் சட்டம் யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவருக்கு எட்டாமல், யாரை மிரட்டக் கூடாதோ அவரை மிரட்டுகிறது. பல ஆண்டுகளாக நான் பார்த்துவரும் நடைமுறை இது. இந்த அத்தியாயம் அந்தக் கடைக்காரருக்காகவும் எழுதப்படுகிறது, அந்த நண்பருக்காகவும் எழுதப்படுகிறது. இரண்டு பேருக்கும் பயன்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எழுதியவர் விசாரித்துத்தான் எழுதினாரா?

இரண்டு வழிகள்

ஒருவரைப் பற்றி மற்றவர்கள் வைத்திருக்கும் மதிப்பைக் குறைக்கும் ஒரு செய்தியை மூன்றாவது ஆளுக்குத் தெரியப்படுத்துவது அவதூறு. மூன்றாவது ஆள் என்பது முக்கியம். ஒருவரை அவருக்கு மட்டும் அனுப்பிய கடிதத்தில் திட்டினால் அது வேறு பிரச்சினை, அவதூறு ஆகாது. அதே கடிதத்தை அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஆகிவிடும்.

பாதிக்கப்பட்டவருக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று சிவில் வழக்கு. மானநஷ்ட வழக்கு என்று ஊரில் சொல்வது இதைத்தான். நஷ்டஈடு கேட்கலாம், மேற்கொண்டு வெளியிடத் தடை கேட்கலாம். மற்றொன்று கிரிமினல் வழக்கு. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆம் பிரிவாக இருக்கின்றன. இரண்டு வருடம் வரை சாதாரணச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தில் சமூக சேவையையும் தண்டனையாகச் சேர்த்திருக்கிறார்கள்.

இரண்டுக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை எழுதுகிறவர்கள் பலர் கவனிப்பதில்லை. சிவில் வழக்கில், சொன்னது உண்மை என்று நிரூபித்துவிட்டால் வழக்கு முடிந்தது. கிரிமினல் வழக்கில் உண்மை மட்டும் போதாது. அதை வெளியிட்டது பொது நன்மைக்காக என்பதையும் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் இருபது வருடத்துக்கு முன் கடன் வாங்கி ஏமாற்றியது உண்மையாகவே இருக்கட்டும். இன்று அதைத் தெருமுழுக்க போஸ்டர் அடித்து ஒட்டினால், எந்தப் பொது நன்மைக்காக என்று நீதிமன்றம் கேட்கும்.

நல்லெண்ணம் என்ற சொல்

356-ஆம் பிரிவில் பத்து விதிவிலக்குகள் இருக்கின்றன. அரசு ஊழியரின் பொதுப்பணி குறித்த கருத்து, பொதுப் பிரச்சினையில் ஒருவர் நடந்துகொண்ட விதம், நீதிமன்ற நடவடிக்கைகள் பற்றிய சரியான செய்தி, தீர்ப்பு பற்றிய விமர்சனம், மக்கள் பார்வைக்கு வைத்த நூல், நாடகம், சினிமா பற்றிய விமர்சனம், உரிய அதிகாரியிடம் கொடுத்த புகார், மற்றவர் நன்மைக்காகச் சொன்ன எச்சரிக்கை என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு நிபந்தனை திரும்பத் திரும்ப வரும்: நல்லெண்ணத்தோடு செய்திருக்க வேண்டும்.

நல்லெண்ணம் என்றதும், மனதில் கெட்ட நோக்கம் இல்லை என்றால் போதும் என்று நினைத்துக்கொள்கிறோம். "நான் அவர்மேல் எந்த விரோதமும் வைத்து எழுதவில்லை" என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் பதில். சட்டம் அதைக் கேட்கவில்லை. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தோடு செய்தது ஆகாது என்று சட்டமே அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லிவைத்திருக்கிறது. மளிகைக் கடைக்காரர்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. அவரை எனக்குத் தெரியவே தெரியாது. ஆனால் சட்டத்தின் கண்ணில் என்னிடம் நல்லெண்ணம் இல்லை. இனிஷியல் கேட்காதவனிடம் அது இருக்க முடியாது.

விதிவிலக்குக்குள் வருகிறேன் என்று காட்டும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான் விழுகிறது. ஆகவே விசாரித்தால் போதாது. விசாரித்ததற்கு அடையாளம் இருக்க வேண்டும். தேதி போட்ட குறிப்பேடு, போன் பேசிய நேரம், வாங்கிய நகல், அனுப்பிய கேள்வி. எழுதியது அச்சாகிவிட்டது என்று இவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிவில் வழக்குக்கு ஒரு வருடமும், கிரிமினல் புகாருக்கு மூன்று வருடமும் கெடு இருக்கிறது. அந்த மூன்று வருடமும் குறிப்பேடு உங்கள் அலமாரியில் இருக்கட்டும்.

செங்கல்பட்டு சிறையிலிருந்து வந்த கையெழுத்துப் பிரதி

இந்தியாவில் பேச்சுரிமைக்கும் மானத்துக்கும் நடுவே கோடு போட்ட முக்கியமான தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கில் பிறந்தது. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், செங்கல்பட்டு கிளைச் சிறையில் இருந்தபோது தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலரோடு தனக்கு இருந்த நெருக்கத்தையும் அதில் சொல்லியிருந்தார். நக்கீரன் அதைத் தொடராக வெளியிடப்போவதாக அறிவித்தது. 1994 ஜூன் 15-ஆம் தேதி சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது: அது பொய்யானது, வெளியிட்டால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும். பத்திரிகை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

1994 அக்டோபர் 7-ஆம் தேதி நீதிபதிகள் ஜீவன் ரெட்டி, எஸ்.சி. சென் அமர்வு தீர்ப்பளித்தது. எழுதுகிற ஒவ்வொருவரும் மனதில் வைத்திருக்க வேண்டிய விஷயங்கள் அதில் இருக்கின்றன. அதிகாரிகளின் பெயர் கெட்டுவிடும் என்று சொல்லி, வெளியாவதற்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் கிடையாது. வெளியான பிறகு பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டுக்கொள்ளலாம். அரசோ உள்ளாட்சி அமைப்போ தன் மானம் போனதாகச் சொல்லி நஷ்டஈடு கேட்க முடியாது. அதிகாரி ஒருவர் தன் பணி சம்பந்தமாக வந்த செய்திக்கு நஷ்டஈடு கேட்டால், அந்தச் செய்தி தவறாகவே இருந்தாலும், உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதினார்கள் என்று அவர் காட்ட வேண்டும். எழுதியவர் நியாயமான அளவுக்குச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுதினார் என்றால் அதுவே போதும்.

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். எழுதியது நூற்றுக்கு நூறு சரியாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நாட்டில் யாரும் எதையும் எழுத முடியாது. சரிபார்த்தாயா என்று கேட்கிறது.

அதே தீர்ப்பு ஆட்டோ சங்கரையும் மறக்கவில்லை. நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணங்களில் இருப்பதை அவர் சம்மதம் இல்லாமலே வெளியிடலாம். அதைத் தாண்டி அவர் சொந்த வாழ்க்கைக்குள் நுழைந்தால் அந்தரங்க உரிமையை மீறியதாகும் என்றது. தூக்கு மேடைக்குப் போகவிருந்த ஒருவருக்கும் ஒரு எல்லைக்கோடு உண்டு என்று சொன்ன நீதிமன்றத்தை நான் மதிக்கிறேன்.

சரிபார்த்து எழுதியவருக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு சிவில் வழக்குக்குச் சொன்னது. கிரிமினல் வழி திறந்தே கிடந்தது. அமைச்சர்கள், அரசு ஊழியர்கள் ஆகியோரின் பணி தொடர்பான அவதூறுக்கு, அரசு அனுமதியோடு அரசு வக்கீலே ஆறு மாதத்துக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். வழக்குப் போடுகிறவருக்குச் சொந்தச் செலவு இல்லை. 2016-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த பட்டியலில் ஐந்து ஆண்டுகளில் போட்ட அவதூறு வழக்குகள் 200-ஐத் தாண்டியிருந்தன. பொதுவாழ்வில் இருப்பவர்கள் விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று அப்போது நீதிபதிகள் கண்டித்தார்கள். 2020 மே மாதம் 'தி இந்து' என். ராம் உள்ளிட்டோர்மீதான வழக்குகளை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ், விமர்சனத்துக்கெல்லாம் அரசு ஆத்திரப்பட்டு அவதூறு வழக்குப் போடக் கூடாது என்று தெளிவாக எழுதினார்.

இதற்கு நடுவே, அவதூறு குற்றமாக இருப்பதே செல்லாது என்று சுப்பிரமணியன் சுவாமி, ராகுல் காந்தி, அரவிந்த் கெஜ்ரிவால் ஆகியோர் தொடுத்த வழக்கை 2016 மே 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மனிதனின் நற்பெயர் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. நற்பெயரைப் பற்றிச் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். அதற்குச் சிறைத் தண்டனை வேண்டும் என்பதை ஏற்க முடியவில்லை. இலங்கை 2002-லேயே தண்டனைச் சட்டத்திலிருந்து அவதூறை எடுத்துவிட்டது. நமக்குச் சட்டம் கொடுத்த பிரிட்டனும் 2009-இல் கைவிட்டது. 2023-இல் அவதூறு வழக்கில் சூரத் நீதிமன்றம் ராகுல் காந்திக்கு இரண்டு வருடம் விதித்ததும் மறுநாளே அவர் எம்.பி. பதவி போனது, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனைத் தீர்ப்பை நிறுத்திவைத்த பிறகே திரும்பக் கிடைத்தது. உச்சபட்சத் தண்டனைக்குக் காரணமே சொல்லப்படவில்லை என்பது உச்ச நீதிமன்றம் கண்ட குறை. எதிர்க்கட்சித் தலைவர் ஒருவருக்கே இந்த நிலை என்றால் தாலுகா நிருபரை யோசித்துப் பாருங்கள்.

ஒரு செய்தியைத் திருத்துவோம்

சட்டம் போதும். வேலைக்கு வருவோம். ஒரு கற்பனை ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக நாம் எழுதும் வாக்கியம் இது:

"ஊராட்சித் தலைவர் ரோடு போட்ட பணத்தைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டதாகக் கூறப்படுகிறது."

இதில் எத்தனை ஓட்டைகள்! பணம் எங்கே போனது என்று எழுதியவருக்குத் தெரியாது. தலைவரிடம் போயிருக்கலாம், ஒப்பந்தக்காரரிடம் போயிருக்கலாம், பில் போட்ட பொறியாளரிடம் போயிருக்கலாம். "கூறப்படுகிறது" என்பது கேடயம் என்று நம் பத்திரிகையுலகில் தலைமுறை தலைமுறையாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது கேடயம் அல்ல. வதந்தியைத் திருப்பிச் சொல்வதும் வெளியீடுதான். யார் கூறினார், எங்கே கூறினார் என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

"கோயில் தெருவில் 400 மீட்டருக்கு சிமென்ட் சாலை போட்டதாக ஊராட்சியின் அளவுப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. 12-ஆம் தேதி காலை நாங்கள் டேப் பிடித்து அளந்தபோது 260 மீட்டர்தான் இருந்தது. 400 மீட்டருக்கும் பணம் பட்டுவாடா ஆகிவிட்டதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற நகல் காட்டுகிறது. தலைவரிடம் கேட்டோம். மீதி வேலை அடுத்த மாதம் நடக்கும் என்றார். வேலை முடியாமல் பில் எப்படிப் பாஸானது என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை."

ஒரு வசைச்சொல்கூட இல்லை. முதல் வாக்கியத்தைப் படித்தால் தலைவர் சிரித்துவிட்டுப் போவார். இரண்டாவதைப் படித்தால் தூக்கம் வராது. இதன் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காகிதமோ ஒரு சாட்சியோ நிற்கிறது. டேப்பின் மறுமுனையைப் பிடித்த தெருக்காரரின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். தெருவின் இரு முனையிலும் நின்று படம் எடுங்கள். தகவல் அறியும் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய்தான் செலவு. முப்பது நாளில் பதில் வர வேண்டும். அந்த முப்பது நாள் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள்தான் பிறகு முப்பது வாய்தாவுக்கு அலைகிறார்கள்.

இந்தத் தகவல்களைக் கொடுத்த பிறகு, "இது ஊராட்சி நிர்வாகத்துக்கு வெட்கக்கேடு" என்று நீங்கள் காட்டமாக எழுதலாம். தகவலை வாசகர்முன் வைத்துவிட்டுச் சொல்லும் கருத்துக்குச் சட்டத்தில் நல்ல பாதுகாப்பு இருக்கிறது. தகவலே இல்லாமல் கருத்தை மட்டும் சொல்லும்போதுதான் சிக்கல்.

எதிர்த்தரப்பைக் கேட்பதை ஒரு சடங்காகச் செய்யாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு "தொடர்புகொள்ள முடியவில்லை" என்று எழுதுவது கேட்டதாகாது. குறிப்பான கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள். பதிலுக்கு நியாயமான நேரம் கொடுங்கள். வந்த பதிலின் சாரத்தை வெட்டாமல் போடுங்கள். என் அனுபவத்தில், கேள்வி அனுப்பிய பிறகு எழுதாமல் விட்ட செய்திகளும் உண்டு, ஏனென்றால் பதிலைப் பார்த்ததும் செய்தியே இல்லை என்று தெரிந்தது. அவற்றால் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

கைது, வழக்குச் செய்திகளில் தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான், குற்றவாளி அல்ல. கைதை முதல் பக்கத்தில் போட்டவர்கள் விடுதலையையும் போட வேண்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது தனிக் குற்றம். ஊர், பள்ளி, உறவு எதன் வழியாகவும் காட்டக் கூடாது.

பெயர் சொல்லாமல் எழுதினால் தப்பிக்கலாம் என்பது இன்னொரு மூடநம்பிக்கை. "மூன்றெழுத்து நடிகை", "அந்த மாவட்டத்து மாஜி" என்ற கிசுகிசுவில், யாரென்று தெரிந்தவர்களுக்குத் தெரிந்தால் போதும், அது அவதூறு. இந்த வகை எழுத்தின் விலையைத் தமிழ்நாடு ஒரு முறை பெரிதாகவே கொடுத்தது. 'சினிமா தூது', 'இந்து நேசன்' பத்திரிகைகளில் நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதிவந்த லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் தண்டனை பெற்ற எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1947-இல் விடுதலையானார்கள். 'ஹரிதாஸ்' படம் ஓடிக்கொண்டிருந்தபோது சிறைக்குப் போன பாகவதருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஒருவர் உயிர் போனது. குற்றமற்றவர் என்று விடுதலையானவரின் வாழ்க்கையும் போனது.

ஃபார்வர்டு செய்தேன், நான் எழுதவில்லை

பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவை 2018-இல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்த முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவர், வேறொருவர் எழுதியதைப் படிக்காமல் அனுப்பிவிட்டேன் என்றார். நீக்கிவிட்டேன், மன்னிப்பும் கேட்டுவிட்டேன் என்றார். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்கிறவர் அதன் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றது.

குடும்பக் குழுவில் வரும் "இந்த டாக்டரிடம் போகாதீர்கள்", "இந்த வாத்தியார் இப்படிப்பட்டவர்" வகைச் செய்திகளை அனுப்புமுன் நிறுத்திப் பாருங்கள். உங்களுக்கே நேர்ந்தது என்றால், நேர்ந்ததை நேர்ந்தபடி, தேதியோடு, உங்கள் பெயரோடு எழுதுங்கள். அது எச்சரிக்கை. கேள்விப்பட்டது என்றால் அனுப்பாதீர்கள்.

புகார் என்றால் புகார் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுங்கள். வாத்தியார் மேல் குற்றச்சாட்டு இருந்தால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதுவதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதே மனுவைப் படம் எடுத்து நூறு பேருக்கு அனுப்பும்போது அந்தப் பாதுகாப்பை நீங்களே உதறிவிடுகிறீர்கள்.

ஆனால் எல்லாக் கொடுமைக்கும் புகார் கொடுக்க இடம் இருந்ததில்லை என்பதையும் நீதிமன்றங்கள் புரிந்துகொள்ளத் தொடங்கியிருக்கின்றன. முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடுத்த அவதூறு வழக்கில் பத்திரிகையாளர் பிரியா ரமணியை 2021 பிப்ரவரி 17-ஆம் தேதி டெல்லி நீதிமன்றம் விடுவித்தது. பாலியல் தொல்லைக்கு ஆளான பெண் பல ஆண்டுகள் கழித்தும், தான் தேர்ந்தெடுக்கும் மேடையிலும் பேசலாம். ஒருவரின் நற்பெயருக்காகப் பெண்ணின் கண்ணியத்தைப் பலி கொடுக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால்

பதற்றப்படாதீர்கள். நோட்டீஸ் என்பது வழக்கு அல்ல. ஒரு கோடி, பத்து கோடி என்று எழுத யாருக்கும் செலவில்லை. ஆனால் அதே தொகைக்குச் சிவில் வழக்குப் போட வேண்டும் என்றால், தமிழ்நாட்டில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு கோடிக்கு மூன்று லட்சம். நான் பார்த்த நோட்டீஸ்களில் பாதிக்கு மேல் நோட்டீஸோடு நின்றுபோனவை.

ஆகவே முதலில் உங்கள் செய்தியை எதிரியின் கண்ணால் படியுங்கள். எங்கேயாவது தவறு இருந்தால், வக்கீலிடம் கலந்துகொண்டு, தவறு வந்த அதே இடத்தில் அதே அளவில் திருத்தம் போடுங்கள். பதினோராம் பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் போடுவது திருத்தம் ஆகாது. மளிகைக் கடைக்காரருக்கு நாங்கள் போட்டது அப்படித்தான். இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது. தவறு இல்லை என்றால், ஆதாரங்களைக் குறிப்பிட்டு வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். நோட்டீஸ் அனுப்பியவரிடம் போனில் சமாதானம் பேசாதீர்கள். நோட்டீஸைப் படம் எடுத்துப் போட்டு மறுபடியும் திட்டாதீர்கள். அது அடுத்த வழக்குக்குக் கொடுக்கும் ஆதாரம்.

காவல் நிலையத்திலிருந்து போன் வந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவதூறு, போலீசார் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் அல்ல. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் அவர்கள் புலன்விசாரணை செய்ய முடியாது. வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது. வேறு பிரிவுகளையும் சேர்த்து எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்களா என்று கேட்டு, நகல் வாங்குங்கள்.

அரசு வக்கீல் கொடுக்கும் புகார் தவிர மற்றவற்றில், பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும். ஊரில் உள்ள யாரோ கொடுக்க முடியாது. 2005-இல் நடிகை குஷ்பு சொன்ன கருத்துக்காகப் பெரும்பாலும் தமிழ்நாட்டில் அங்கங்கே போட்ட 23 புகார்களை 2010-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223-ஆம் பிரிவு இன்னொரு நல்லதைச் செய்திருக்கிறது: புகாரை விசாரணைக்கு ஏற்குமுன், உங்கள் தரப்பைச் சொல்ல மாஜிஸ்திரேட் வாய்ப்புத் தர வேண்டும். அந்த நாளை வீணாக்காதீர்கள். குறிப்பேடு, நகல்கள், அனுப்பிய கேள்விகள் எல்லாவற்றோடும் போங்கள்.

சம்மன் வந்தால் கட்டாயம் ஆஜராகுங்கள். இது ஜாமீன் தரும் குற்றம். ஆஜராகாமல் இருந்தால்தான் பிடிவாரண்ட் வரும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். வழக்கில் முகாந்திரமே இல்லை என்றால் அதே நடைமுறைச் சட்டத்தின் 528-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

எதிர்த்தரப்பைக் கேட்காமலே செய்தியை நீக்கச் சொல்லும் இடைக்காலத் தடையைப் பெரிய நிறுவனங்கள் விரும்புகின்றன. புளூம்பெர்க் செய்தி ஒன்றை நீக்கச் சொல்லி ஜீ நிறுவனம் பெற்ற அப்படி ஓர் உத்தரவை 2024 மார்ச் 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு விசாரணைக்கு முன்பே கட்டுரையை முடக்குவது, அது கெட்ட நோக்கத்தோடு எழுதியது அல்லது அப்பட்டமான பொய் என்று தெரிந்தால் மட்டும்தான் என்றது. உங்கள்மேல் தடை கேட்டால் வக்கீல் கையில் முதலில் இருக்க வேண்டிய தீர்ப்பு இது.

உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டால்

கோபத்தில் பதில் பதிவு போடாதீர்கள். முதலில் ஆதாரத்தைப் பிடியுங்கள். பதிவின் முகவரி, தேதி, நேரம், போட்டவர் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வீடியோ என்றால் இறக்கிவையுங்கள். படம் எடுத்த போனை மாற்றாமல், அழிக்காமல் வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். இதை வக்கீலிடம் முதல் நாளே நினைவூட்டுங்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு உங்களிடம் கேட்ட இரண்டு பேரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள்தான் உங்கள் சாட்சிகள்.

பிறகு எழுதியவருக்கோ ஆசிரியருக்கோ எழுதுங்கள்: எந்த வரி தவறு, உண்மை என்ன, அதற்கு ஆதாரம் என்ன, எந்த இடத்தில் திருத்தம் வேண்டும். ஒரே பக்கத்தில், திட்டாமல். அச்சுப் பத்திரிகை இறங்கிவராவிட்டால் இந்தியப் பத்திரிகை கவுன்சிலில் புகார் செய்யலாம். கவுன்சிலுக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை, கண்டிக்கத்தான் முடியும், டி.வி.யும் யூடியூப் சேனலும் அதன் வரம்பில் வராது. ஆனாலும் வக்கீல் கட்டணம் இல்லாமல் ஒரு சாதாரண மனிதர் தட்டக்கூடிய கதவு அது.

வழக்குத்தான் வழி என்றால், நஷ்டஈட்டுத் தொகையை நிதானமாக முடிவு செய்யுங்கள். பெரிய தொகை போட்டால் கட்டணம்தான் பெரிதாகும். உங்களுக்கு உண்மையில் என்ன போனது? வியாபாரம் குறைந்திருந்தால் கணக்கு நோட்டை எடுங்கள். நின்றுபோன சம்பந்தம் என்றால் பேசிய தேதிகளை எழுதுங்கள். நீதிபதி நம்புவது அவற்றைத்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால், செய்தி வெளியான தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். சமாதானம் பேசுவார்கள், மறுப்பு போடுகிறோம் என்பார்கள், பெரியவர்களை வைத்துப் பேசலாம் என்பார்கள். பேசுங்கள். ஆனால் சிவில் வழக்குக்கு அந்தத் தேதியிலிருந்து ஒரு வருடம்தான் கெடு.